மீட்கப் போய் இழப்பது

ரெய்டு தொகுதி விழுந்துவிட்டது என்று சர்வரின் திரையில் செய்தி வரும்போது, அதிலிருந்த டேட்டாவில் பெரும்பகுதி அநேகமாக டிஸ்க்குகளிலேயே இருக்கிறது. ஒரு டிஸ்க்கோ இரண்டோ பதில் சொல்வதில்லை. மற்றவை நன்றாகவே சுற்றிக்கொண்டிருக்கின்றன. குலைந்துபோனது, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெரிய டிஸ்க்காகக் காட்டிக்கொண்டிருந்த கணக்கு. அந்தக் கணக்கைத் திரும்ப நிறுத்த உட்காருகிறவர் அடுத்த ஒரு மணி நேரத்தில் எந்தப் பொத்தானை அழுத்துகிறார், எந்தக் கட்டளையை அடிக்கிறார் என்பதைப் பொறுத்தே டேட்டா பிழைக்கிறது அல்லது போகிறது. மீட்புக்கென்று வரும் எந்தக் கருவியும் பழைய டிஸ்க்குகளில் ஒரு பைட் கூட எழுதாமல், மீட்டால் என்ன கிடைக்கும் என்பதை முதலில் காட்ட வேண்டும். அதைப் பார்த்துப் பயனர் சம்மதித்த பிறகே எழுத வேண்டும். இந்த ஒழுங்கைப் பயனரின் கவனத்துக்கும் பொறுமைக்கும் விட்டுவிடக் கூடாது, கருவி செய்கிறவர்கள் தங்கள் பொறுப்பாக ஏற்க வேண்டும் என்பது என் வாதம். இதற்கு வரும் மறுப்புகள் சாதாரணமானவை அல்ல, அவற்றுக்கும் வருகிறேன்.

ரெய்டு எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1988இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அன்று பெரிய கணினிகளுக்கென்று விற்ற பெரிய, விலை கூடிய டிஸ்க்குக்குப் பதிலாக, தனிக் கணினிகளில் போடும் மலிவான சிறு டிஸ்க்குகளைக் கூட்டமாகப் பூட்டலாம் என்பது அவர்கள் யோசனை. டிஸ்க்குகள் பெருகினால் ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பும் பெருகும். அதைச் சமாளிக்கக் கொஞ்சம் கூடுதல் தகவலைச் சேர்த்து எழுதினார்கள். அதுதான் பேரிட்டி. மூன்று டிஸ்க்குகளில் 5, 8, 3 என்ற எண்கள் இருந்தால், நான்காவதில் கூட்டுத்தொகை 16ஐ எழுதிவைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஒன்று காணாமல் போனாலும் மற்ற மூன்றிலிருந்து அதைக் கண்டுபிடித்துவிடலாம். நிஜத்தில் கூட்டலுக்குப் பதில் எக்ஸார் என்ற பிட் கணக்கு நடக்கிறது, பேரிட்டியும் ஒரே டிஸ்க்கில் இல்லாமல் எல்லா டிஸ்க்குகளிலும் மாறிமாறி உட்காருகிறது. இதுதான் ரெய்டு 5. ஒரு டிஸ்க் போனால் தாங்கும். இரண்டு போனால் நின்றுவிடும். இரண்டு போனாலும் தாங்குவதற்கு ரெய்டு 6 வந்தது.

இந்த ஏற்பாடு முழுவதும் ஓர் அனுமானத்தில் நிற்கிறது: ஒரு டிஸ்க் கெட்டதற்கும் அடுத்தது கெடுவதற்கும் தொடர்பில்லை, ஒன்றை மாற்றி முடிக்கும்வரை இன்னொன்று பொறுத்துக்கொள்ளும். நடைமுறை அவ்வளவு நல்லபடியாக இல்லை. 2007இல் பியான்கா ஷ்ரோடரும் அதே கார்த் கிப்சனும் சுமார் 1,00,000 டிஸ்க்குகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். தயாரிப்பாளர்களின் ஏட்டுக் கணக்கின்படி ஆண்டுக்கு அதிகபட்சம் 0.88 சதவீதம் பழுதாக வேண்டும். களத்தில் மாற்றப்பட்டவை பொதுவாக 2 முதல் 4 சதவீதம். சில இடங்களில் 13 சதவீதம் வரை. அதே ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வு, 15 லட்சத்து 30 ஆயிரம் டிஸ்க்குகளை 32 மாதம் கவனித்து, 3.45 சதவீதத்தில் படிக்க முடியாத செக்டர்கள் சத்தமில்லாமல் உருவாகியிருந்ததைக் கண்டது. யாரும் அந்த இடத்தைப் படிக்காதவரை அந்தப் பழுது வெளியே தெரியாது. ஒரு டிஸ்க் போய், அதிலிருந்ததைப் புது டிஸ்க்கில் திரும்ப எழுதும் ரீபில்டு வேலைக்காக மற்ற எல்லா டிஸ்க்கையும் முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர்வரை படிக்கத் தொடங்கும்போதுதான் தெரியும். தாங்குவதற்கு வேறு வழி மிச்சமில்லாத அந்த நேரத்தில்தான் பழைய பழுதெல்லாம் வெளிவருகிறது.

ஒரே நாளில், ஒரே பேட்ச்சில் வாங்கியவை ஒன்றாகவே போவதும் உண்டு. 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் தன்னுடைய சில எஸ்எஸ்டி மாடல்களைப் பற்றி ஓர் அவசர அறிவிப்பு விட்டது: பர்ம்வேரை மாற்றாவிட்டால், ஓடத் தொடங்கி 32,768ஆவது மணியில், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரத்தில், டிஸ்க் செத்துவிடும்; டிஸ்க்கையும் மீட்க முடியாது, டேட்டாவையும் மீட்க முடியாது. 32,768 என்பது 2இன் 15ஆம் அடுக்கு. மணிக்கணக்கை எண்ணிக்கொண்டிருந்த நிரலில் எண் வழிந்துபோனதன் அடையாளம். ஒரே நாளில் பெட்டியில் பூட்டிய டிஸ்க்குகளுக்கு ஒரே நேரத்தில் வேளை வரும் என்பதையும் அந்த அறிவிப்பே சொன்னது. அங்கே ரெய்டு 6 இருந்தும் பயனில்லை.

எதிர்பக்கமும் சொல்ல வேண்டும். கெட்டது என்று தொகுதி வெளியே தள்ளிய டிஸ்க் பல சமயம் கெட்டதே அல்ல. மேசைக் கணினிக்கென்று செய்த டிஸ்க் ஒரு செக்டரைப் படிக்கத் திணறினால், விடாமல் ஒரு நிமிடத்துக்கு மேலும் முயன்றுகொண்டிருக்கும். தனியாக ஓடும் டிஸ்க்குக்கு அது நல்ல குணம். ஆனால் லினக்ஸ் ஒரு பதிலுக்குக் காத்திருப்பது வழக்கமாக 30 வினாடி. அதற்குள் பதில் வராவிட்டால் இணைப்பை ரீசெட் செய்கிறது. அதன் தொடர்ச்சியாக டிஸ்க் தொகுதியிலிருந்து விலக்கப்படுகிறது. ரெய்டுக்கென்று செய்த டிஸ்க்குகள் 7 வினாடியில் முயற்சியைக் கைவிட்டு, முடியவில்லை என்று சொல்லிவிடும். உடனே தொகுதி பேரிட்டியிலிருந்து அந்த ஒரு செக்டரைக் கணக்கிட்டுத் திரும்ப எழுதிவிடும். இரண்டு கால அளவுகள் ஒத்துப்போகாததால் மட்டும் நல்ல டிஸ்க்குகள் வெளியே விழுகின்றன. ஒரு தளர்ந்த கேபிளும், பலமில்லாத பவர் சப்ளையும் இதையே செய்யும். ஆகவே திரையில் வரும் சிவப்பு எழுத்தை டிஸ்க்கின் மரணச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது மென்பொருள் எடுத்த ஒரு முடிவு, அவ்வளவுதான்.

இப்போது ஒரு தொகுதியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அ, ஆ, இ, ஈ என்று நான்கு டிஸ்க்குகள், ரெய்டு 5. திங்கட்கிழமை ஆ விலகுகிறது. பெட்டி பீப் அடிக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. மூன்று டிஸ்க்கில் வேலை ஓடுகிறது. வியாழக்கிழமை ஈ விலகுகிறது. தொகுதி நின்றுவிடுகிறது. லினக்ஸின் மென்பொருள் ரெய்டு ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு சிறு குறிப்புப் பகுதி வைத்திருக்கிறது, சூப்பர்பிளாக் என்பார்கள். தொகுதியின் நிலை மாறும்போதெல்லாம் அதில் ஒரு நிகழ்வு எண் ஏறும். அ, இ இரண்டிலும் ஒரே எண். ஈயில் அதைவிட நான்கைந்து குறைவு. ஆவில் ஆயிரக்கணக்கில் குறைவு. படிக்கத் தெரிந்தவருக்கு இது முழுக் கதையையும் சொல்லிவிடும். ஈ கடைசி நொடிவரை இருந்த டிஸ்க், ஆ திங்கட்கிழமையோடு நின்றுபோன டிஸ்க். ஆவை ஒதுக்கிவிட்டு அ, இ, ஈ மூன்றையும் வற்புறுத்திச் சேர்த்தால், கடைசி நொடியில் பாதியில் நின்ற ஓரிரு பதிவுகள் தவிர எல்லாம் திரும்பிவிடும்.

ஆனால் பதற்றத்தில் இருப்பவர் நிகழ்வு எண்ணைப் பார்ப்பதில்லை. நான்கு டிஸ்க்கும் தொட்டால் சுற்றுகின்றன, நான்கையும் வைத்துத் தொகுதியைப் புதிதாக உருவாக்கிவிட்டால் பழையபடி வந்துவிடும் என்று நினைக்கிறார். உருவாக்கும் கட்டளை சூப்பர்பிளாக்கை அழித்துப் புதிதாக எழுதுகிறது. நிகழ்வு எண்கள், எந்த டிஸ்க் எந்த இடம், டேட்டா எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்ற குறிப்புகள் எல்லாம் அந்த நொடியில் போய்விடும். அதற்கப்புறம் நடப்பதுதான் மோசம். லினக்ஸில் இந்தக் கட்டளையை நடத்தும் எம்டிஏடிஎம் என்ற நிரல் ரெய்டு 5ஐப் புதிதாக உருவாக்கும்போது, கடைசியாகச் சொன்ன டிஸ்க்கைக் காலி டிஸ்க்காக எண்ணி, மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு அதை முழுவதும் எழுத ஆரம்பிக்கிறது. கடைசி டிஸ்க் ஈ. வியாழக்கிழமை வரை நடப்பு டேட்டா வைத்திருந்த நல்ல டிஸ்க் அது. அதன் மேல், திங்கட்கிழமை ஆவையும் வியாழக்கிழமை அ, இ டிஸ்க்குகளையும் கலந்து கிடைத்த எண் ஏறுகிறது. இடையில் மாறிய ஒவ்வொரு இடமும் ஈயிலும் பாழ், ஆவிலும் பழையது. ஒரு டிஸ்க் குறைந்தாலும் தாங்கியிருக்க வேண்டிய தொகுதி இப்போது உண்மையிலேயே இரண்டு டிஸ்க்குகளை இழந்துவிட்டது. இரண்டாவதைக் கொன்றது மீட்பு.

டிஸ்க்குகளின் வரிசை தப்பினால் எல்லாம் உடனே அழிந்துவிடும் என்று பலர் பயமுறுத்துவார்கள். ரெய்டு 5இல் அது அப்படியே சரியல்ல. எக்ஸார் கணக்குக்கு வரிசை பொருட்டில்லை. நான்கு டிஸ்க்கும் நடப்பு நிலையில் இருந்தால், வரிசை மாறினாலும் கணக்கு அதே விடையைத்தான் தரும். ரெய்டு 6இன் இரண்டாவது பேரிட்டிக்கு வரிசை முக்கியம், அங்கே பாழாகும். ரெய்டு 5இல் வரிசை தப்பினால் ஆபத்து அடுத்த படியில் வருகிறது. துண்டுகள் இடம் மாறித் தெரிவதால் கோப்பு முறைமை சிதைந்த குப்பையாகத் தோன்றும். உடனே அதைச் சரிபார்க்கும் நிரலை ஓட்டுவார்கள். அந்த நிரலுக்குத் தெரிந்த ஒரே நியாயம், தன் விதிகளுக்குப் பொருந்தாதவற்றை வெட்டிப் பொருத்துவது. நன்றாக இருந்த கோப்புகளின் வேர்களைப் பிடுங்கி, ஆயிரக்கணக்கான பெயரில்லாத துண்டுகளாகத் தனி அடைவில் கொட்டிவிடும். அது முடிந்தபின் சரியான வரிசை தெரியவந்தாலும் உதவாது.

எழுதவே இல்லை என்று நினைத்துக்கொண்டே எழுதுவதும் நடக்கிறது. படிக்க மட்டும் என்று சொல்லி ஒரு கோப்பு முறைமையை மவுன்ட் செய்தால் எதுவும் மாறாது என்று யாரும் நம்புவார்கள். லினக்ஸில் அதிகம் புழங்கும் இஎக்ஸ்டி4, எக்ஸ்எப்எஸ் இரண்டும் அப்படி நடந்துகொள்வதில்லை. கடைசியாக முடியாமல் நின்ற வேலைகள் ஜர்னல் என்ற குறிப்பேட்டில் இருந்தால், படிக்க மட்டும் என்று கேட்டாலும் முதலில் அவற்றை டிஸ்க்கில் எழுதி முடிக்கும். அதைத் தடுக்க இஎக்ஸ்டி4இல் ஒரு தனிச்சொல், எக்ஸ்எப்எஸ்இல் வேறொரு தனிச்சொல் சேர்க்க வேண்டும். கையேட்டில் இருக்கிறது. ஒரு சிறு அலுவலகத்தில், ஸ்கேன் சென்டரில், வீடியோ ஸ்டூடியோவில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் அந்த வரியை எப்போது படித்திருக்கப் போகிறார்? படிக்க மட்டும் என்ற சொல்லுக்குப் பயனர் கொள்ளும் பொருளும் கருவி கொள்ளும் பொருளும் வேறாக இருக்குமானால், திருத்த வேண்டியது கருவியை.

சிறு அலுவலகம் என்றதும், பெரிய இடங்களில் இப்படி நடக்காது என்று தோன்றலாம். 2010 ஆகஸ்ட் 25 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில அரசின் தரவு மையத்தில் ஒரு பெரிய சேமிப்புத் தொகுதி பழுதானது. டிஸ்க் போகவில்லை, உள்ளே இருந்த மெமரி போர்டு கோளாறு. 26 அரசுத் துறைகளின் வேலை தடைபட்டது. ஓட்டுநர் உரிமம் வழங்கும் துறை ஏறத்தாழ ஒரு வாரம் உரிமம் அச்சிட்டுத் தர முடியாமல் நின்றது. மாநிலம் பின்னர் வெளியாரை வைத்து நடத்திய ஆய்வு, நீண்ட முடக்கத்துக்கும் டேட்டா இழப்புக்கும் காரணம் மெமரி போர்டைப் பழுதுபார்த்தபோது நேர்ந்த மனிதத் தவறு என்றது. அந்த அறிக்கையில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். தொலைவில் இன்னொரு மையத்தில் இதே டேட்டாவின் பிரதி இருந்தது. இங்கே எழுதுவது அங்கேயும் உடனுக்குடன் எழுதப்பட்டுவந்தது. பழுதுபார்க்கும் முன் அந்தத் தொடர்பை நிறுத்திவைக்கவில்லை. இங்கே கெட்டது அங்கேயும் போய் நல்ல பிரதியைக் கெடுத்தது. அனுபவம் மிக்க பொறியாளர்கள், விலை உயர்ந்த கருவி, இரண்டு மையங்கள் எல்லாம் இருந்தும், தொடாமல் இருக்க வேண்டிய பிரதியைத் தொட்டுவிட்டார்கள்.

சரி, தொடாமல் எப்படி மீட்பது? வழி புதிதல்ல, விலையும் இல்லை. லினக்ஸில் ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் மேலுறை ஒன்றைப் போட முடியும். படிக்கும் கோரிக்கை அசல் டிஸ்க்குக்குப் போகும். எழுதும் கோரிக்கை வேறிடத்தில் உள்ள ஒரு தனிக் கோப்புக்குப் போகும். பார்க்கிற நிரலுக்கு இரண்டும் சேர்ந்து ஒரே டிஸ்க்காகத் தெரியும். இந்த மேலுறைகளை வைத்துத் தொகுதியைச் சேர்க்கலாம், சரிபார்க்கும் நிரலை ஓட்டலாம், மவுன்ட் செய்து கோப்புகளைத் திறந்து பார்க்கலாம். தப்பானால் மேலுறைக் கோப்பை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம். அசலில் ஒரு பிட் கூட மாறியிருக்காது. நான்கு டிஸ்க்குகளின் வரிசை மறந்துபோயிருந்தால் மொத்தம் 24 வரிசைகள்தான் சாத்தியம்; ஒவ்வொன்றாக முயன்று, ஒரு பெரிய போட்டோவோ வீடியோவோ முழுதாகத் திறக்கிறதா என்று பார்த்துச் சரியானதைக் கண்டுபிடிக்கலாம். முழு ரீபில்டு ஓடவிடாமல் இவ்வாறு சோதித்தால் மேலுறைக் கோப்பும் பெரிதாக வளராது. லினக்ஸ் ரெய்டுக்காரர்களின் விக்கியில் இந்த முறை பல ஆண்டுகளாக எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. கேள்வி என்னவென்றால், தொகுதி நின்றதும் பயனர் முன்னால் வரும் திரையில் இது முதல் வழியாக ஏன் இல்லை? விற்பனைக்கு வரும் சேமிப்புப் பெட்டிகளில் இருப்பது ரிப்பேர் என்ற ஒற்றைப் பொத்தான். ரெய்டு கன்ட்ரோலர்களில் வருவது, அந்நிய அமைப்பு கண்டேன், ஏற்றுக்கொள்ளவா அழிக்கவா என்ற கேள்வி. வின்டோஸில் வருவது, இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த பார்மேட் செய்ய வேண்டும் என்ற ஆலோசனை. பயனரின் ஆயுள் சேமிப்பைப் பார்த்து ஒரு கணினி சொல்லக்கூடியதில் இதைவிட மோசமான வாக்கியம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

டிஸ்க் உண்மையிலேயே நோய்ப்பட்டிருந்தால் மேலுறை போதாது; ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அது இன்னும் நலியும். அப்போது முதல் வேலை பிரதி எடுப்பது. அன்டோனியோ தியாஸ் தியாஸ் எழுதிய குனு டிடிரெஸ்க்யூ இதற்கென்றே உள்ள இலவச நிரல். சாதாரணப் பிரதி நிரல் கெட்ட இடத்தில் முட்டி நின்றுவிடும். இது முதலில் எளிதாகப் படிக்க முடிந்ததையெல்லாம் வாரி எடுத்துக்கொண்டு, சிக்கலான பகுதிகளைக் குறித்துவைத்து, கடைசியில் ஓரங்களிலிருந்து சுரண்டுகிறது. எதுவரை எடுத்தோம் என்பதைத் தனிக் கோப்பில் பதிவதால், பாதியில் நிறுத்தி மறுநாள் தொடரலாம். டிஸ்க்கின் உயிர் இன்னும் சில மணி நேரமே என்றால், அந்த நேரத்தை நல்ல பகுதிகளுக்குச் செலவிடுவது எவ்வளவு புத்திசாலித்தனம்! ரீபில்டு செய்வது இதற்கு நேர் எதிர். சாகும் டிஸ்க்கை வரிசைக்கிரமமாக முழுவதும் படிக்கவைத்து, ஒரு செக்டரில் திணறியதும் மொத்த வேலையையும் கைவிடும் கன்ட்ரோலர்கள் உண்டு. 12 டெராபைட்டில் 4,096 பைட் படிக்கவில்லை என்பதற்காகப் பயனர் 12 டெராபைட்டையும் இழக்க வேண்டுமா? அது இயற்கை விதித்தது அல்ல. யாரோ எழுதிய நிரலின் முடிவு.

இங்கே முதல் மறுப்பு வரும்: நேரம், பணம். 12 டெராபைட் டிஸ்க்கை வினாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் பிரதி எடுத்தால் ஏறத்தாழ 17 மணி நேரம் ஆகும். நான்கையும் ஒரே நேரத்தில் எடுத்தாலும் முக்கால் நாள் போய்விடும். அதே அளவில் நான்கு புது டிஸ்க் வேண்டும். வேலை நின்றுகிடக்கும் நிறுவனத்துக்கு இது பெரிய சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் நான் எல்லோரையும் எப்போதும் பிரதி எடுக்கச் சொல்லவில்லை. கேபிள் தளர்ந்தோ, கால அளவு ஒத்துப்போகாமலோ விழுந்த தொகுதியில் டிஸ்க்குகள் நலமாக இருக்கும். அங்கே மேலுறை போதும், அது சில நிமிட வேலை. படிப்பதில் பிழை காட்டும் டிஸ்க்குக்கு மட்டும் பிரதி. இரண்டையும் பிரித்துச் சொல்லக் கருவிக்குத் தேவையான செய்தி அதன் கையிலேயே இருக்கிறது. டிஸ்க்கின் சுயபரிசோதனைக் குறிப்பை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன். கூகுள் நிறுவனம் 2007இல் 1,00,000க்கு மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்தபோது, பழுதானவற்றில் 56 சதவீதத்துக்கு மேல் முக்கியமான நான்கு குறிகளில் ஒன்றையும் காட்டவில்லை. ஆகவே சந்தேகம் வந்தால் பிரதி எடு என்ற பக்கமே கருவி சாய வேண்டும். அவசரமும் பெரும்பாலும் ஏமாற்றுகிறது. வர்ஜீனியாவில் இரண்டாம் மையத்தின் பிரதி கெடாதிருந்தால் சேவை எவ்வளவோ முன்னதாகத் திரும்பியிருக்கும்.

இரண்டாவது மறுப்பு: கருவிகள் எச்சரிக்கத்தானே செய்கின்றன? செய்கின்றன. இந்த டிஸ்க் ஏற்கெனவே ஒரு தொகுதியைச் சேர்ந்ததுபோல் தெரிகிறது, தொடரவா என்று கேட்கும். சிக்கல் என்னவென்றால், பழைய டிஸ்க்கைத் துடைத்துப் புதுத் தொகுதி போடுகிற நாளிலும் இதே வாக்கியம்தான் வருகிறது; அன்று ஆம் என்பதே சரியான பதில். பத்து முறை ஆம் என்று அடித்துப் பழகிய விரல், பதினோராவது முறை வேறு நிலைமையில் இருக்கிறோம் என்பதை எப்படி அறியும்? எச்சரிக்கை என்பது பொறுப்பைப் பயனர் தோளுக்கு மாற்றும் ஒரு படிவமாகிவிட்டது. வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. இஎக்ஸ்டி4இன் சரிபார்ப்பு நிரலுக்கு, தான் மாற்றும் ஒவ்வொரு பகுதியின் பழைய உள்ளடக்கத்தையும் ஒரு கோப்பில் சேமித்துவைக்கும் வசதி உண்டு; வேண்டாமென்றால் துணை நிரல் ஒன்று எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடும். இசட்எப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையில் பின்னோக்கிச் சென்று மீட்டால் பலிக்குமா என்பதை எதையும் மாற்றாமல் முதலில் கேட்டுப் பார்க்கலாம். வசதி இருந்தும் முதலாவதில் அது தானாக இயங்குவதில்லை, கேட்டால்தான் வரும். என் குறை அந்த ஒரு இடத்தில்தான்: பாதுகாப்பானது இயல்பாகவும், ஆபத்தானது கேட்டுப் பெறுவதாகவும் இருக்க வேண்டும். கைதேர்ந்தவர்களுக்கு இது எரிச்சல் தரும் என்பார்கள். கைதேர்ந்தவருக்கு ஒரு சொல் கூடுதலாக அடிப்பது பாரமா?

மூன்றாவது மறுப்புதான் வலுவானது: ரெய்டு பேக்கப் ஆகாது, பேக்கப் எடுத்திருந்தால் இந்தப் பேச்சே தேவையில்லை. முதல் பாதி முழு உண்மை. இரண்டாம் பாதியை ஏற்க முடியவில்லை. 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில் ஓர் அனுபவசாலிப் பொறியாளர், டேட்டாபேஸின் இரண்டாவது சர்வரைச் சீராக்கப் போய், தவறுதலாக முதல் சர்வரின் அடைவை அழிக்கத் தொடங்கினார். ஓரிரு வினாடியில் உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது. ஐந்து வகையில் பேக்கப், பிரதி ஏற்பாடு இருந்தும் ஒன்றுமே எதிர்பார்த்தபடி கைகொடுக்கவில்லை. தினசரி பேக்கப் நிரலின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு ஒத்துப்போகாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதாக அது அனுப்பிய மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யார் கண்ணிலும் படவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு சோதனைக்காக எடுத்துவைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான். பேக்கப் இருக்கிறது என்று ஒருவர் நம்புவதற்கும் அது இருப்பதற்கும் நடுவில் உள்ள இடைவெளி, அதைத் திறந்து பார்க்கும் நாளில்தான் தெரியும். அந்த நாள்வரை பழைய டிஸ்க்குகளே கடைசிப் பிரதி. பேக்கப் சரியாக இருக்கிறவரும், முந்தைய இரவுக்குப் பின் சேர்ந்ததற்கு அந்த டிஸ்க்குகளையே நம்பியிருக்கிறார். பேக்கப் எடுக்காதது குற்றம் என்றே வைத்துக்கொண்டாலும், அதற்குத் தண்டனையாக மீட்புக் கருவி மிச்சத்தையும் அழிக்க வேண்டுமா?

புள்ளிவிவரத்தைக் காட்டி ரெய்டு 5இல் மீட்பே நடக்காது என்பவர்களும் இருக்கிறார்கள். 10இன் 14ஆம் அடுக்கு பிட்களுக்கு ஒரு படிப்புப் பிழை என்று டிஸ்க்கின் ஏட்டில் இருக்கிறது, அது 12.5 டெராபைட். நான்கு டெராபைட் டிஸ்க் நான்கு கொண்ட தொகுதியில் ரீபில்டு 12 டெராபைட் படிக்க வேண்டும், ஆகவே தோல்வி ஏறக்குறைய நிச்சயம் என்பது கணக்கு. அந்த எண் தயாரிப்பாளர் ஒப்புக்கொள்ளும் கடைசி எல்லையே தவிர, டிஸ்க்கின் சராசரி நடத்தையல்ல. மாதாமாதம் முழுத் தொகுதியையும் படித்துச் சோதிக்கும் எத்தனையோ சாதாரணப் பெட்டிகள் அதைவிடப் பன்மடங்கு படித்தும் பிழையில்லாமல் ஓடுகின்றன. பயமுறுத்துவதற்குப் பதில், அந்த மாதாந்தரச் சோதனையைத் தானாக நடக்கும்படி பெட்டிகளை விற்றாலே பாதி ஆபத்து குறையும்.

என் வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு, அது எஸ்எஸ்டி. காந்தத் தட்டில் தவறாக பார்மேட் செய்தாலும் அடியில் உள்ளது பெரும்பாலும் அப்படியே கிடக்கும். எஸ்எஸ்டியில் பார்மேட் நிரல் முதல் வேலையாக, இந்த இடம் முழுவதும் இனி வேண்டாம் என்று டிஸ்க்குக்குச் சொல்லிவிடுகிறது. டிஸ்க் அதை உள்ளுக்குள் துடைத்துக்கொண்டால் எந்த ஆய்வுக்கூடத்தாலும் திரும்ப எடுக்க முடியாது. அதனால் எஸ்எஸ்டித் தொகுதிகளில், வேண்டாம் என்று சொல்லும் அந்தக் கட்டளையை மீட்பு முடியும்வரை தடுத்துவைப்பது, எழுதாமல் இருப்பதற்குச் சமமாகக் கட்டாயம்.

கடைசியாக விற்பவர்கள் பக்கம். மேலுறை முறை பலிக்க வேண்டுமானால், டிஸ்க்கில் எந்தக் குறிப்பு எங்கே எந்த வடிவில் இருக்கிறது என்பது வெளியாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சினாலஜி போன்ற பெட்டிகள் உள்ளே லினக்ஸின் பொது ரெய்டையே பயன்படுத்துகின்றன. பெட்டி போனால் டிஸ்க்குகளைச் சாதாரண உபுன்டு கணினியில் பூட்டி டேட்டாவை எடுப்பது எப்படி என்று அந்த நிறுவனமே எழுதி வெளியிட்டிருக்கிறது. கன்ட்ரோலர் கார்டுகளுக்கென்றும் ஒரு பொது வடிவம் வகுக்கப்பட்டு வருடங்கள் ஆகின்றன. லினக்ஸ் அதைப் படிக்கும். இருந்தும் தன் வடிவத்தைச் சொல்லாத கார்டுகள் விற்கப்படுகின்றன. கார்டு எரிந்தால் அதே மாடலைச் செகண்ட் ஹேண்ட் சந்தையில் தேட வேண்டியதுதான். கிடைத்த கார்டும் முதல் கேள்வியாக அழிக்கவா என்றுதான் கேட்கும். சர்வர் வாங்கக் கொட்டேஷன் கேட்கிற ஒவ்வொரு அலுவலகமும் அதில் மூன்று கேள்விகளைச் சேர்க்கலாம். தொகுதி விழுந்தால் உங்கள் ரிப்பேர் பொத்தான் பழைய டிஸ்க்குகளில் எதை எழுதுகிறது? எழுதாமல் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா? கார்டு இல்லாமல் வேறு கணினியில் இந்த டிஸ்க்குகளைப் படிக்க முடியுமா? எழுத்தில் பதில் தர மறுக்கும் கொட்டேஷனை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஒதுக்கிவைத்துவிடலாம்.